அஞ்சுவெடியும் எண்ணெய்க் கேனும்

காட்டுப்பன்றித் தொல்லை தாங்காமல் துப்பாக்கி வாங்க நினைக்கிறவர்கள் எங்கள் வீட்டுக்கு யோசனை கேட்க வருவதுண்டு. வருகிறவர்கள் என் வீட்டுக்காரரிடம்தான் கேட்பார்கள். லைசென்ஸ் இருந்தது என் பேரில். வெடித்தவள் நான், கைமாற்றி விட்டவளும் நான். ஆனாலும் துப்பாக்கி என்றால் ஆம்பிளையிடம் கேட்க வேண்டிய சாமான் என்று அவர்களுக்கு நினைப்பு. விலை கூடின துப்பாக்கி வாங்கலாமா, வாங்கினால் கட்டுபடியாகுமா என்று அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது நான் காப்பியை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவேன். என்னிடம் கேட்டிருந்தால் விவரமாகச் சொல்லியிருப்பேன். யாரும் கேட்காததால் எழுதுகிறேன்.

கோவில்பட்டியிலிருந்து கழுகுமலை போகிற பஸ்ஸில் வந்து பாதி வழியில் இறங்கி, தெற்கே நடந்தால் எங்கள் ஊர். மானாவாரிக் கரிசல். மழை பெய்தால் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும், காய்ந்தால் காலை விழுங்குகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். என் வீட்டுக்காரர் கோவில்பட்டியில் ஒரு நூல் மில்லில் ஆயிலர். ஓடுகிற மெஷினுக்கெல்லாம் எண்ணெய் போடுவதுதான் அவருக்கு வேலை. நீள மூக்கு வைத்த எண்ணெய்க் கேன் மில்லில் ஒன்று இருந்தது, வீட்டிலும் ஒன்று வைத்திருந்தார். கதவுக் கீல், கிணற்றுச் சகடை, தையல் மெஷின், சைக்கிள், கடைசியில் என் கழுத்துச் சங்கிலியின் கொக்கி வரைக்கும் எண்ணெய் போட்டுப் பார்த்தவர். எங்கள் வீட்டில் என்னைத் தவிர எதுவும் கிரீச்சிடாது.

பாகப்பிரிவினையில் அவருக்கு வந்த நிலத்தை நான்தான் பார்த்தேன். ஷிப்டுக்குப் போகிற மனுஷன் எங்கே உழவு பார்க்க? அதனால் நிலத்தை என் பேருக்கே எழுதி வைத்தார். அதை ஒட்டிக் கிழக்கே அவருடைய அண்ணன் நிலம். அவரை நான் பெரியத்தான் என்று கூப்பிடுவேன். இரண்டு நிலத்துக்கும் நடுவில் ஒரு பொழி, அதாவது எல்லைக்கு ஒதுக்கின வரப்பு. தெற்கே ஓடை. ஓடைக்கு அப்பால் உடைமரமும் விடத்தலை முள்மரமும் மண்டிய புறம்போக்கு. அதைத் தாண்டி குருமலைக் காடு. பன்றிகள் அங்கிருந்துதான் ஓடை வழியாக இறங்கி வரும்.

தொண்ணூறுகளின் பாதிக்கு மேல் எங்கள் பக்கம் மக்காச்சோளம் போட ஆரம்பித்தோம். கோழித் தீவனத்துக்கு நல்ல விலைக்குப் போனது. நமக்கு முன்னாலேயே அந்தச் செய்தி பன்றிகளுக்கு எட்டிவிட்டது. கம்பையும் பருத்தியையும் பார்த்துச் சலித்துப்போயிருந்தவை, மக்காச்சோளக் கதிரைக் கண்டதும் குடும்பத்தோடு இறங்கின.

பெரியத்தானிடம் லைசென்ஸ் வாங்கின இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது. அவருடைய மாமனார் வழியாக வந்தது. பயிர்ப் பாதுகாப்புக்கு என்று கொடுக்கிற லைசென்ஸ். ஆகாயத்தைப் பார்த்து வெடித்து விரட்டத்தான் அனுமதி. அவர் தன் நிலத்தின் கிழக்கு ஓரத்தில் நின்று வெடிப்பார். கிழக்கே சத்தம் கேட்டால் பன்றிகள் எந்தப் பக்கம் ஓடும்? மேற்கே ஓடும். மேற்கே என் நிலம். ஒரு நாள் என்றால் தற்செயல் என்று விடலாம். வெள்ளாமை நெடுக அப்படித்தான் நடந்தது. அவர் சோளம் நிமிர்ந்து நிற்க, என் சோளம் பாய் விரித்த மாதிரிப் படுத்துக் கிடந்தது.

நான் போய்க் கேட்டேன். "பெரியத்தான், நீங்க பொழியில நின்னு வெடிச்சா ரெண்டு பேரு வெள்ளாமையும் தப்பும்லா?"

"எனக்கு அங்கன நின்னாத்தான் தோதுப்படுது பிள்ள. முடியலைன்னா சொல்லு. நெலத்த நானே குத்தகைக்கு எடுத்துக்கிடுதேன்."

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. பாகப்பிரிவினை நாளிலிருந்தே அவருக்கு அந்த மேற்குத் துண்டின் மேல் கண். கேட்டுப் பார்த்தார், ஆள் விட்டுக் கேட்டார், கிடைக்கவில்லை. இப்போது பன்றியை விட்டுக் கேட்கிறார்.

அடுத்த வருஷம் மார்கழியில் ஒரு விடியற்காலை. முந்தின நாள் சாய்ந்த தட்டைகளில் மிஞ்சின கதிர்களைப் பொறுக்கலாம் என்று சாக்கோடு போயிருந்தேன். கிழக்கு வெளுக்கும்போது பெரியத்தான் பக்கமிருந்து ஒரு வெடி, உடனே இன்னொரு வெடி. தட்டை முறிகிற சத்தம் என்னை நோக்கி வந்தது. நான் சாக்கைப் போட்டுவிட்டு ஓடுவதற்குள் ஒரு கிடாப் பன்றி என் வலது காலில் இடித்துப் போயிற்று. இடித்தது என்றுதான் நினைத்தேன். குனிந்து பார்த்தால் கெண்டைக்கால் கிழிந்து தொங்கியது.

கோவில்பட்டியில் ஆஸ்பத்திரியில் தையல் போட்டுப் படுத்திருந்தேன். பெரியத்தான் ரொட்டியும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு வந்தார். கட்டிலைச் சுற்றிச் சொந்தக்காரர்கள் நின்றார்கள். அவர் என் காலைப் பார்த்தார், பிறகு எல்லாரையும் பார்த்துச் சொன்னார்: "பொம்பளைக்கு அந்நேரத்துல காட்டுல என்ன சோலி?"

எல்லாரும் தலையை ஆட்டினார்கள். ஒருத்தி சிரிக்கக்கூடச் செய்தாள். தையல் போட்டபோது நான் அழவில்லை. அன்றைக்கு அழுதேன். ஆத்திரத்தில் வந்த அழுகை. அந்த ஆளைப் பார்த்தே அந்தக் கேள்வியைத் திருப்பிக் கேட்கும் வரைக்கும் நான் அடங்கக் கூடாது என்று அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு முடிவு செய்தேன்.

எங்கள் வேதக்கோவில் சபை ஐயர் வந்து ஜெபம் பண்ணினார். மனசில் கசப்பு வைத்துக்கொள்ளக் கூடாது, மன்னிக்க வேண்டும் என்றார். "பன்றிய மன்னிச்சிட்டேன் ஐயரே. அது ஓடுன பாதையில நான் நின்னுட்டேன். வெரட்டி விட்டவிய கணக்க அப்பொறம் பாப்போம்" என்றேன். அவர் அவசரமாக ஆமென் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

இரண்டு வெள்ளாமை போயிருந்தது. மூன்றாவதும் போனால் நிலத்தை அண்ணனிடம் குத்தகைக்கு விடுவதைத் தவிர வழியில்லை என்று என் வீட்டுக்காரரே சொல்லிவிட்டார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, களைத்துப்போய்ச் சொன்னார். எனக்குத்தான் அது உயிர் போகிற சேதியாக இருந்தது. அண்ணன் கைக்குப் போன நிலம் திரும்பாது.

மலிவான வழியெல்லாம் பார்த்தாயிற்று. பழைய சேலைகளை வேலி மாதிரிச் சுற்றிக் கட்டினேன். பன்றிகள் என் கல்யாணச் சேலையின் மேல் நடந்து வந்தன. சலூனிலிருந்து மூட்டை மூட்டையாக முடி அள்ளி வந்து ஓரமெல்லாம் தூவினேன். மனுஷ வாடைக்குப் பன்றி வராது என்றார்கள். ஊர் ஆம்பிளைகள் தலைமுடியெல்லாம் என் நிலத்தில் கிடந்தும் ஒரு பிரயோசனமில்லை. சிவகாசி வெடி வாங்கிப் போட்டேன். நாலு நாளில் பழகிவிட்டன.

ஆகவே துப்பாக்கி. தாலுகா ஆபீஸில் மனுவை வாங்கினவர், "லைசென்ஸ் சார் பேருக்காம்மா?" என்றார். "நெலம் யாரு பேருல இருக்கோ அவ பேருக்கு" என்றேன். நடையாய் நடக்க விட்டார்கள். கடைசியில் ஒரு பெரிய அதிகாரி, பெண்ணுக்கு எதற்கு என்று கேட்டபோது, சேலையைக் கணுக்காலுக்கு மேல் கொஞ்சம் தூக்கித் தழும்பைக் காட்டினேன். அவர் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

லைசென்ஸ் வந்ததும் நாங்கள் இரண்டு பேரும் மதுரைக்குப் போனோம், துப்பாக்கிக் கடைக்கு. கடைக்காரர் மூன்று சாமான் எடுத்து வைத்தார். ஒற்றைக்குழல், இரட்டைக்குழல், அப்புறம் ஓர் இத்தாலித் துப்பாக்கி. எஸ்டேட்காரர் ஒருவர் வைத்திருந்து விற்றதாம். வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி நின்றுபோன காலம், அதனால் அதற்கு யானை விலை குதிரை விலை. முதல் இரண்டும் வாங்கிவிட்டு ஒரு பசுமாடும் பிடிக்கலாம், மூன்றாவதை வாங்கினால் பஸ்ஸுக்குக் காசு மிஞ்சுமா என்று யோசிக்க வேண்டும்.

"இதுல அப்படி என்ன இருக்கு?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"இது தானா ஏறிக்கிற துப்பாக்கி சார். விசையை அமுக்க அமுக்க வெடிக்கும். அஞ்சு தோட்டா. ஒரு வெடி வெடிச்சதும் அந்தப் புகை உள்ள இருக்கிற பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் போயி வெறுந்தோட்டாவை வெளிய எறிஞ்சிட்டு அடுத்ததை ஏத்தி வைக்கும். நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம்."

என் வீட்டுக்காரர் முகம் மாறியது. "உள்ள பிஸ்டனா இருக்கு?" என்றார். அதுவரை விலை, வீண் செலவு, ஊர் என்ன பேசும் என்று முணுமுணுத்துக்கொண்டிருந்த மனுஷன் துப்பாக்கியைக் கையில் வாங்கி, பச்சைப் பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

என் கணக்கு வேறு. வெள்ளாமை நெடுகப் பன்றிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். அவற்றுக்கு இரண்டு வரைக்கும் எண்ணத் தெரியும். பெரியத்தான் இரண்டு வெடிப்பார், பன்றிகள் ஓடி நிற்கும், அவர் துப்பாக்கியை மடக்கித் தோட்டா போடுவதற்குள் நிம்மதியாகத் திரும்பி மேய ஆரம்பிக்கும். நானும் ஓர் இரட்டைக்குழல் வாங்கினால் அவரும் நானும் சமம். சமமாவதற்கு நான் துப்பாக்கி வாங்க வரவில்லை. அவர் இரண்டு வெடித்தால் எனக்கு ஐந்து வேண்டும். என் அம்மா போட்டு அனுப்பின அட்டியலை அடகில் வைத்தேன், வாங்கினேன்.

கிளம்பும்போது கடைக்காரர், "சுத்தமா வச்சுக்கிடுங்க, போதும்" என்றார். என் வீட்டுக்காரர் பெரிதாகத் தலையாட்டினார். அவர் மில்லில் சுத்தம் என்றால் துடைத்துவிட்டு எண்ணெய் போடுவது. துடைப்பது பாதி வேலை, எண்ணெய் போட்டால்தான் முழுசு. பிஸ்டன் என்றால் கேட்கவே வேண்டாம். எங்கள் பக்கத்தில் பம்புசெட் வைத்திருக்கிற சின்னப் பிள்ளைக்குக்கூட, எண்ணெய் இல்லாத பிஸ்டன் பிடித்துப்போகும் என்று தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போய் வந்து, துப்பாக்கியைப் பிரித்து, பாயில் துணி விரித்து, மூக்குக் கேனால் பிஸ்டனுக்கு எண்ணெய் விட்டார். விட்டதைத் தடவிப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் விட்டார். "பார்த்தியா, வெண்ணெய் மாதிரி ஓடுது" என்று இழுத்து இழுத்துக் காட்டினார். மாட்டுக்குத் தீனி வைக்கிறபோது பசி அடங்கியதா என்று பார்க்கிற மாதிரி, அதற்கு எண்ணெய் போதுமா என்று பார்ப்பார்.

மூன்றாவது வெள்ளாமை கதிர் பிடித்தது. அஞ்சுவெடித் துப்பாக்கியைப் பார்க்க ஊரில் பாதிப்பேர் பொழுது சாய்கிற நேரத்துக்கு என் நிலத்துக்கு வந்துவிட்டார்கள். பெரியத்தானும் வந்து பொழியில் கைகட்டி நின்றார். ஓடைப் பக்கம் தட்டை ஆடியது. நான் மேற்கு ஓரத்தில் நின்று ஆகாயத்தைப் பார்த்து அமுக்கினேன். வெடித்தது. மறுபடி அமுக்கினேன். ஒன்றுமில்லை. இழுத்தேன், தட்டினேன். வெறுந்தோட்டா பாதி வெளியே வந்து வாயில் அரிசி அடைத்த மாதிரிச் சிக்கி நின்றது. பன்றிகள் கொஞ்ச நேரம் பார்த்தன. பிறகு சாவகாசமாக என் சோளத்துக்குள் போயின.

"இதுதானா அஞ்சுவெடி? ஒத்தவெடியால்லா இருக்கு" என்றார் பெரியத்தான்.

அத்தனை பேரும் சிரித்தார்கள். அந்த வாரமே எனக்குப் பேர் விழுந்துவிட்டது. கடைக்குப் போனால், 'ஒத்தவெடி வாராக' என்று முதுகுக்குப் பின்னால் கேட்கும். என் வீட்டுக்காரர் மனம் உடைந்துபோனார். "எண்ணெய் பத்தலை போலட்டி" என்று சொல்லி இன்னும் தாராளமாக விட்டார். மறுபடி வெடித்துப் பார்த்தேன். மறுபடி ஒன்றே ஒன்று.

அவர் ஷிப்டுக்குப் போன ஒரு நாள், துப்பாக்கியைப் போர்வையில் சுற்றிக்கொண்டு நான் மட்டும் மதுரைக்குப் பஸ் ஏறினேன். கடைக்காரர் பிரித்தார். பிஸ்டனைத் துணியில் வைத்தார். துணி கறுத்தது. விரலால் வழித்து மூக்கருகே கொண்டுபோனார்.

"என்னம்மா இது, வண்டி மசையா?"

"எண்ணெய்தான். வாரந்தோறும் போடுதோம்."

"இதுக்கு எண்ணெய் போடலாமா? இது எஞ்சின் பிஸ்டன் இல்லம்மா, புகையில ஓடுற பிஸ்டன். காய்ஞ்சுதான் கிடக்கணும். எண்ணெயோட வெடிப்புகை சேர்ந்து, உங்க ஊர்க் கரிசத் தூசியும் சேர்ந்தா மசையாத்தான் ஆகும். அப்புறம் எப்படி நகரும்?" அவர் துடைத்து மாட்டிக் கொடுத்தார். "எண்ணெய் பக்கமே கொண்டு போகாதீங்க. கழுதை மாதிரி உழைக்கும்."

திரும்புகிற பஸ்ஸில் சாத்தூர் வரைக்கும் யோசித்துக்கொண்டே வந்தேன். என் வீட்டுக்காரரிடம் சொன்னால் என்ன ஆகும்? அவருக்கு உலகத்தில் நன்றாகத் தெரிந்தது ஒன்றே ஒன்று, எண்ணெய் போடுவது. அதுவும் தப்பு என்று நான் எப்படிச் சொல்வேன்? அதோடு, அவரிடம் சொன்னால் அவர் அண்ணனிடம் சொல்வார். அவருக்கு வாயில் எதுவும் நிற்காது. நான் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் எண்ணெய் விடுவார். திங்கட்கிழமை அவர் மில்லுக்குப் போனதும் நான் பிரித்து, பழைய பனியன் துணியால் சொட்டு இல்லாமல் துடைத்து வைப்பேன். அவருக்கும் திருப்தி, துப்பாக்கிக்கும் திருப்தி.

அதற்கப்புறம் ஒரு சாயங்காலம் என் நிலத்தின் மேற்கு ஓரத்தில் நின்று, பெரியத்தான் கிழக்கே நின்ற அதே முறையில், ஐந்தையும் தொடர்ந்து வெடித்தேன். தோளில் இடிப்பதுகூட அவ்வளவாகத் தெரியவில்லை. வெறுந்தோட்டாக்கள் பொரி மாதிரித் தெறித்தன. பன்றிகள் இரண்டு வரைக்கும் ஓடி, வழக்கம்போல நின்றன. மூன்றாவது கேட்டதும் அவற்றுக்குப் புத்தி கலங்கிவிட்டது. நாலு, ஐந்துக்குப் பொழியைத் தாண்டிக் கிழக்கே போய்ச் சேர்ந்தன. அங்கே பெரியத்தான் இரண்டு வெடித்தார். தெற்கே கொஞ்சமும் அவர் சோளத்துக்குள் கொஞ்சமுமாகச் சிதறின. எனக்கு அவ்வளவு சந்தோஷம், அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த வருஷம் என் வெள்ளாமை முழுசாக வீடு வந்து சேர்ந்தது. குத்தகைப் பேச்சு நின்றது. நிலம் தப்பித்துவிட்டது, அத்தோடு விட்டிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். என்னைப் போல உங்கள் காலிலும் தையல் போட்டிருந்தால் நீங்களும் விட்டிருக்கமாட்டீர்கள்.

அறுவடை முடிந்த கையோடு தேர்தல் வந்தது. தேர்தல் என்றால் லைசென்ஸ் துப்பாக்கிகளையெல்லாம் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும். பெரியத்தான் தன் இரட்டைக்குழலோடும் நான் என் இத்தாலியோடும் ஒரே வரிசையில் நின்றோம். ஏட்டு என் துப்பாக்கியை வாங்கிப் பார்த்துவிட்டு, இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டுக் காட்டினார். இன்ஸ்பெக்டர் தோளில் வைத்துக் குறி பார்த்தார். "அடேயப்பா, இந்தத் தாலுகாவுலயே இதுதான் ஜாதி சாமான். யாரோடது?" என்றார். பெரியத்தானுடைய துப்பாக்கியை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஏட்டு அதைக் குடை மாதிரி மூலையில் சாத்தினார்.

பெரியத்தான் பார்த்த பார்வையை நான் கவனித்தேன். என் மேற்குத் துண்டைப் பார்க்கிற அதே பார்வை.

தேர்தல் முடிந்து துப்பாக்கிகள் திரும்பி வந்த வாரம் அவர் வீட்டுக்கு வந்தார். மரியாதையாகப் பேசினார். சாப்பிடச் சொன்னேன், சாப்பிட்டார்.

"பிள்ள, அது ரொம்பக் கனமா இருக்குமே. தோள் வலிக்கலையா?"

"வலிக்கத்தான் செய்யுது பெரியத்தான்."

"பொம்பளைக்கு ரெட்டைக்குழல்தான் தோது. எங்கிட்ட இருக்கது சொன்ன பேச்சு கேக்கும். மாத்திக்கிடுவமா? மேற்கொண்டு என்ன போட்டுத் தரணும்னு சொல்லு."

நான் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. என் அம்மா நகையில் வாங்கினது என்றேன். அவர் இரண்டாம் தடவை வந்தார். பெண்பிள்ளை கையில் இருந்தது உங்களுக்கு எதற்கு என்றேன். அப்போது அவருக்கு அது இல்லாமல் முடியாது என்று ஆகிவிட்டது. மூன்றாம் தடவை அவர் சொன்ன தொகையில் என் அட்டியலும் மீண்டது, அடுத்த விதைப்புக்கு உரமும் சேர்ந்தது. கலெக்டர் ஆபீஸில் எழுதிக் கொடுத்து முறையாகப் பேர் மாற்றினோம். இரட்டைக்குழல் என் வீட்டுக்கு வந்தது.

துப்பாக்கியைக் கையில் வாங்கினதும் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. "ஏ பிள்ள, மொதல்ல இது சிக்குச்சே. அப்பொறம் எப்பிடிச் சரியாச்சு?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "எண்ணெய்ண்ணே. மொதல்ல பத்தலை. அப்பொறம் நல்லா ஊத்துனேன், சும்மா பேய் மாதிரி ஓடுச்சு. பிஸ்டன் இருக்குல்லா? கொறையவே கூடாது. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம நானே வந்து போட்டுத் தாரேன்."

அண்ணன் தம்பி பாசத்துக்குக் குறுக்கே நிற்க எனக்கு உரிமையில்லை. "எண்ணெய் விஷயத்துல உங்க தம்பிய மிஞ்ச ஆளு கெடையாது பெரியத்தான்" என்று மட்டும் சொன்னேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

அடுத்த வெள்ளாமைக்கு அவர் தன் நிலத்தில் ஊரைக் கூட்டினார். நான் என் வீட்டிலேயே இருந்துகொண்டேன், சத்தம் கேட்டால் போதும் என்று. ஒரு வெடி கேட்டது. அடுத்ததற்குக் காத்திருந்தேன். வரவில்லை. போன வருஷம் என்னைப் பார்த்துச் சிரித்த அதே ஆட்கள் இப்போது அங்கே நிற்பார்கள் என்று நினைத்துக்கொண்டே அடுப்பில் உலை வைத்தேன். அன்றைக்கு ஆக்கின சோற்றுக்கு உப்புக்கூடத் தேவைப்படவில்லை.

சண்டை இப்போது இரண்டுக்கும் ஒன்றுக்கும். நான் மேற்கே நின்று இரண்டு வெடிப்பேன். அவர் கிழக்கே நின்று ஒன்று வெடித்துவிட்டுத் துப்பாக்கியோடு மல்லுக்கட்டுவார். எண்ணத் தெரிந்த பன்றிகள் எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு நாள் சிக்கின தோட்டாவை நோண்டிக்கொண்டிருக்கும்போது தட்டைக்குள்ளிருந்து ஒரு கிடா எழுந்து வந்திருக்கிறது. அவர் துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடி, கரிசல் வெடிப்பில் கால் மாட்டிக் கணுக்கால் பிசகிவிட்டது.

நான் ரொட்டியும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். கட்டிலைச் சுற்றிச் சொந்தக்காரர்கள் நின்றார்கள். காலைப் பார்த்தேன், பிறகு எல்லாரையும் பார்த்தேன். "அந்நேரத்துல காட்டுல உங்களுக்கு என்ன சோலி பெரியத்தான்?" என்றேன். அவர் பெண்சாதி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். வாழ்க்கையில் நான் அனுபவித்துப் பேசின வாக்கியம் அதுதான்.

அவர் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு மதுரைக்குப் போயிருந்தால் அன்றே எல்லாம் வெளிச்சமாகியிருக்கும். அவர் போகமாட்டார் என்று எனக்குத் தெரியும். போனால், ஒரு பொம்பளை கையில் ஐந்து வெடித்தது தன் கையில் ஒன்றுதான் வெடிக்கிறது என்று கடைக்காரரிடம் சொல்ல வேண்டியிருக்குமே.

அந்த வருஷம் சபையில் ஸ்தோத்திரப் பண்டிகைக்கு எல்லாரும் முதல் விளைச்சலைக் கொண்டுவந்து படைத்தோம். பெரியத்தான் வெறுங்கையோடு வர முடியாமல் கோவில்பட்டியில் வாங்கின வாழைத்தாரைக் கொண்டுவந்தார். படைத்ததை ஏலம் விடுவது வழக்கம். என் மக்காச்சோளக் கதிர்க்கட்டை ஐயர் தூக்கிப் பிடித்தபோது, "என்ன அண்ணாச்சி, தம்பி வீட்டுச் சோளம், கேக்காம இருக்கீக?" என்று யாரோ பெரியத்தானைச் சீண்டினார்கள். அவரால் கேட்காமல் இருக்க முடியவில்லை. கேட்க ஆரம்பித்ததும் விடவும் முடியவில்லை. ஊரே பார்க்க, நொண்டிக்கொண்டு வந்து என் சோளத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்.

விலை கூடின துப்பாக்கி வாங்கலாமா என்றால், தாராளமாக வாங்கலாம். என் காசுக்கு ஒரு வருஷ வெள்ளாமையைக் காப்பாற்றிக் கொடுத்தது. அதற்கப்புறம் அது எனக்குச் செய்ததற்கு விலை கிடையாது. மன்னிப்பு பற்றி ஐயர் மறுபடி ஒரு தடவை பேசினார். எனக்குக் காது கேட்கவில்லை.

அதே வருஷம் பங்குனிக்கு முன்னால் ஒரு சாயங்காலம், நானும் என் வீட்டுக்காரரும் வாசலில் உட்கார்ந்து சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தோம். கிழக்கே, பெரியத்தானுடைய மிஞ்சின சோளத்துப் பக்கம் ஒரு வெடி கேட்டது. அவர் கையை நிறுத்திவிட்டு அடுத்ததற்காகக் காதைக் கொடுத்தார். அது வரவில்லை. அப்புறம் எழுந்து உள்ளே போய், மூக்குக் கேனை எடுத்துக் குலுக்கிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"எண்ணெய் பத்தலை போலட்டி. பாவம் அண்ணன். இப்பவே போயி ஒரு ரெண்டு சொட்டு விட்டுட்டு வாரேன்."

"ரெண்டு சொட்டு என்னத்துக்குக் காணும்?" என்றேன். "நல்லா ஊத்திட்டு வாங்க."